ரீயூனியன் தீவில் பேக்கேஜ் எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குப் போக நினைத்து, அங்குள்ள ஏஜென்சியிடம் "கடற்கரை, எரிமலை, பாரம்பரியம் எல்லாம் ஒரே பேக்கேஜில்" எடுக்கப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் மனைவிக்கும் அப்பாவுக்குமாக 2,700 யூரோ வாங்கிக்கொண்டு, அந்தத் தீவில் நடக்கவே முடியாதவற்றை எங்களுக்கு விற்றார்கள். அவர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லவே முடியாது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அதெல்லாம் தெரியும்.

பயணத் திட்டத்தில் "வாசலில் இறங்கினால் கடல், தினமும் குளிக்கலாம்" என்று இருந்தது. கொண்டுபோய் விட்ட வில்லா தென்கிழக்கே சேன் பிலிப் பக்கம். எரிமலைக் குழம்பு கடலில் இறங்கி உறைந்த கரும்பாறைக் கரை, ஆள் உயரத்துக்கு அடிக்கும் அலை. பார்க்க அழகுதான், ஆனால் கால் வைக்க முடியாது. 2011 முதல் சுறாத் தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்ததால், 2013இல் அரசு ஒரு தடை போட்டது. பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல்நீர்ப் பரப்புகளான லகூன்களிலும், காவலர் கண்காணிக்கும் இடங்களிலும் மட்டுமே கடலில் இறங்கிக் குளிக்கலாம். லெர்மித்தாஜ், லா சலீன் லகூன்கள் மேற்குக் கரையில் இருக்கின்றன. வில்லாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இதை டிரைவரிடம் கேட்டதற்கு, "உள்ளூர்க்காரர்கள் இறங்குகிறார்களே, நீங்களும் இறங்குங்கள்" என்றார். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சுறா எச்சரிக்கைப் பலகை நிற்கிற ஊரில் ஒரு குடும்பத்திடம் இப்படிச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எரிமலை விஷயத்தில் செய்தது வெளிப்படையான மோசடி. பித்தோன் தெ லா ஃபுர்நேஸ் உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று, உயரம் 2,632 மீட்டர். நில அதிர்வு கூடி, வெடிப்பு நெருங்குவதாக ஆய்வு நிலையம் சொன்னால், உச்சியைச் சுற்றியுள்ள ஆங்க்லோ என்னும் பெரும்பள்ளத்தை அரசு நிர்வாகமான பிரிஃபெக்சர் உடனே மூடிவிடும். அறிவிப்பும் பொதுவில் வரும். நாங்கள் இறங்கியபோது ஆங்க்லோ ஏற்கெனவே மூடிக் கிடந்தது. அது தெரிந்திருந்தும், "நாளை உச்சியிலுள்ள டோலோமியூ எரிமலைவாயின் விளிம்பு வரை வழிகாட்டியோடு நடை" என்று சொல்லி முந்தின நாள் மாலை மீதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பா தெ பெல்கோம்ப் காட்சிமுனையில் பூட்டிய கதவின் முன் இறக்கிவிட்டு, பனிமூட்டத்தில் சிறிது நேரம் நிற்கவைத்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். பணத்தைக் கேட்டால், "இயற்கை எங்கள் கையில் இல்லை" என்றார்கள். இயற்கை யார் கையிலும் இல்லைதான். மூடியிருப்பதை மறைத்துப் பணம் வாங்கியது அவர்கள் கைதானே?

"மஃபாத் பள்ளத்தாக்கு கிராமத்துக்கு ஜீப்" என்றும் ஒரு வரி இருந்தது. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. அப்பாவுக்கு முழங்கால் வலி என்று முன்பே எழுதிக் கேட்டபோது, "முழுக்க வண்டியில்தான்" என்று பதில் போட்டவர்கள், கோல் தெ பெஃப் கணவாயில் வண்டியை நிறுத்தி, "இதற்கு மேல் பாதை கீழே இறங்குகிறது" என்றார்கள்.

எல்லாவற்றையும்விட வலித்தது லாசரே. 1848 டிசம்பர் 20இல் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கப்பலேறிப் போனார்கள். நோய் பரவும் என்ற அச்சத்தில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம்தான் கிராந்த் ஷலூப் லாசரே. சேன் துனிக்கும் லா பொசெசியோனுக்கும் இடையே கடலோரத்தில் இருக்கிறது. அப்பா இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே அதற்காகத்தான். பேக்கேஜிலும் எழுத்தில் இருந்தது. ஆனால் அன்று, "பழுது வேலை, மூடியிருக்கிறது" என்று நிற்காமல் கடந்துபோய், நேராக ஒரு வனிலாக் கடையில் இறக்கிவிட்டார்கள். அங்கே நெடுநேரம். டிரைவருக்குக் கமிஷன் என்பது கடைக்காரர் பேச்சிலேயே தெரிந்தது. அன்று காலைதான் தன் மகளின் பள்ளியிலிருந்து லாசரேக்குப் போய்வந்தார்கள் என்று இரவு வில்லாக்காரப் பெண்மணி சொன்னார். கடைசி நாள் நாங்களே டாக்ஸி பிடித்துப் போனோம். திறந்திருந்தது. அங்கே அப்பா என்னைவிடப் பொறுமையாக ஒவ்வொரு பலகையையும் படித்தார்.

சரி, போகிறவர்கள் என்ன செய்யலாம்? ரீயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம், பிரெஞ்சுச் சட்டம்தான் அங்கே. பயணப் பேக்கேஜ் விற்பவர்கள் பிரான்ஸின் சுற்றுலா அமைப்பான அத்தூ பிரான்ஸின் (Atout France) பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண் ஐ.எம். என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், பதிவேட்டில் ஏஜென்சியின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு ரசீதில் எந்த எண்ணும் இல்லை. எழுதிக் கொடுத்த சேவையைத் தராவிட்டால் அதற்கான தொகையைக் குறைத்துத் தர விற்றவர் கடமைப்பட்டவர், "அது டிரைவரின் தவறு" என்று நழுவ முடியாது. மீதிப் பணத்தை ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். தங்கும் இடத்தின் ஊர்ப் பெயரை வாங்கி வரைபடத்தில் லகூன் எங்கே என்று பாருங்கள். எரிமலை நடைக்கு, ஆங்க்லோ மூடியிருந்தால் அந்தத் தொகை திரும்ப வரும் என்ற வாக்கியம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பிரெஞ்சு அரசின் சிக்னல்கான்சோ நுகர்வோர் தளத்தில், அவர்கள் அனுப்பிய பயணத் திட்டம், மின்னஞ்சல்கள், பூட்டிய கதவின் படம் எல்லாவற்றையும் வைத்துப் புகார் போட்டிருக்கிறேன். கார்டில் கட்டிய முன்பணத்துக்கு வங்கியிலும் தகராறு பதிந்திருக்கிறேன். ஏஜென்சியிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.