டிகாஷனை எந்தக் கோல் கொண்டு அளப்பது?

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடம் தவறாமல் முதுகலை மாணவர் யாராவது ஒருவர், "டிகிரி காபியில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாமா சார்?" என்று வந்து நிற்பார். ஊர் அப்படி. எந்த முறையில் அளக்கப் போகிறாய் என்று கேட்டால் டிபிபிஹெச் (DPPH) என்று பதில் வரும். போன வருடத்து அண்ணன் அதைத்தான் செய்தார், அதற்கு முந்தைய வருடத்து அக்காவும் அதைத்தான் செய்தார். ஏன் அது என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது. காபிக்கு அது சரியான தேர்வு இல்லை என்பது என் எண்ணம். அதைக் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று தனியாக ஒரு பொருள் காபியில் இல்லை. பச்சைக் கொட்டையில் முக்கியமானது குளோரோஜெனிக் அமிலக் குடும்பம்: அரபிகாவில் எடையில் சுமார் 5 முதல் 8 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 7 முதல் 10 சதவீதம். (பெயரைப் பார்த்து குளோரின் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜனேற்றத்தில் பச்சை நிறம் காட்டுவதால் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.) வறுக்க வறுக்க இந்த அமிலம் சிதைகிறது. கூடவே சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து மெலனாய்டின் என்ற பழுப்பு நிறப் பெரிய மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் உண்டு. ஆகவே நாம் அளப்பது ஒரு கலவையின் மொத்த வேலையை. அதையும் நேராக அளப்பதில்லை. நிறமுள்ள ஒரு வேதிப்பொருளில் டிகாஷனைச் சொட்டி, நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறோம். எந்த நிறப்பொருளை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

டிபிபிஹெச் ஊதா நிறம். அதுவே ஒரு நிலையான தனி உறுப்பு (free radical), அதாவது இணை சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. எடை போட்டு மெத்தனாலில் கரைத்தால் போதும். ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் மஞ்சளாகும். நிறம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், 517 நானோமீட்டர் அலைநீளத்தில் படித்துக்கொள்ளலாம். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் எல்லோரும் இதற்கே போகிறார்கள். மூலிகையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் டிகாஷன் தண்ணீரில் இறங்கியது. அதை மெத்தனாலில் விட்டால் மெலனாய்டினும் காபியின் பெரிய சர்க்கரைச் சங்கிலிகளும் கரைசலில் நிற்காமல் பிரிந்து கலங்கும். கலங்கல் ஒளியை மறைக்கும். நிறம் குறையாதது போலக் கருவி காட்டும். என் மாணவி ஒருவர் ஒரு வாரம் முழுக்க இதில் மாட்டிக்கொண்டார். ஒரே டிகாஷனுக்குக் காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண். கடைசியில் க்யூவெட்டை (கருவிக்குள் வைக்கும் சின்னக் குப்பியை) வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் உள்ளே மெல்லிய மூட்டம் தெரிந்தது. இன்னொரு குறையும் உண்டு. டிபிபிஹெச்சின் வினை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சீன் வளையங்கள் நெருக்கி நிற்கின்றன. மெலனாய்டின் போன்ற பெரிய மூலக்கூறு அங்கே எட்டிப் போவது கடினம். போதாக்குறைக்கு டிகாஷனின் பழுப்பு நிறமே 517-இல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். அதைக் கழிக்க ஒவ்வொரு மாதிரிக்கும் தனி பிளாங்க் (டிபிபிஹெச் சேர்க்காத டிகாஷன்) வைத்தாக வேண்டும்.

ஏபிடிஎஸ் (ABTS) என்ற இன்னொரு நிறப்பொருள் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடுகிறது. நீலப்பச்சை நிறம், படிப்பது 734 நானோமீட்டரில். அந்த அலைநீளத்தில் காபியின் பழுப்பு அநேகமாகக் குறுக்கே வராது. தண்ணீரிலும் வேலை செய்யும், எத்தனாலிலும் வேலை செய்யும். அதனால் டிகாஷனைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து அப்படியே விடலாம். ஒரே சிரமம், நிறப்பொருளை நாமே தயாரிக்க வேண்டும். ஏபிடிஎஸ்ஸோடு பொட்டாசியம் பெர்சல்பேட் சேர்த்து இருட்டில் 12 முதல் 16 மணி நேரம் வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதற்குப் பயந்தே டிபிபிஹெச் பக்கம் ஓடுகிறார்கள். இட்லி மாவை ராத்திரி கரைத்து வைக்கும் ஊரில் இதற்கு என்ன பயம்? சாயங்காலம் கலந்து, குப்பியைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தால் காலையில் தயார். கருவியில் ஒளி உறிஞ்சல் 0.70 அளவுக்கு வரும்வரை நீர்க்கச் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். விடை டிராலாக்ஸ் சமமாக வரும், அதாவது ஒப்பீட்டுக்கு வைக்கும் டிராலாக்ஸ் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவுக்கு இது ஈடு என்று.

நீர்க்கச் செய்வது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீட்டு முதல் டிகாஷன் கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கும். நூறு மடங்கு நீர்க்கச் செய்தாலும் சில சமயம் நிறம் மொத்தமாகப் போய், இதற்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. பாதிக்குப் பாதி நிறம் குறையும் இடம் எது என்று முதலிலேயே ஒரு நாள் செலவழித்துக் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

1996-இல் பென்சி, ஸ்ட்ரெயின் என்ற ஆய்வாளர்கள் கொண்டுவந்த ஃப்ராப் (FRAP) முறை வேறு வழியில் போகிறது. தனி உறுப்பை அடக்கும் திறனை அது பார்ப்பதில்லை. ஃபெர்ரிக் இரும்பை (Fe³⁺) ஃபெர்ரஸாக (Fe²⁺) மாற்றும் திறனைப் பார்க்கிறது. நீல நிறம் வரும், 593-இல் படிக்கலாம், மலிவு, வேகம். மூல முறையில் நான்கு நிமிடத்தில் படித்துவிடுவார்கள். காபியின் ஃபீனால்கள் (குளோரோஜெனிக் அமிலம் சேர்ந்த வேதிப்பொருள் வகை) அதற்குப் பிறகும் வினைபுரிந்துகொண்டே இருக்கும். ஆகவே எத்தனை நிமிடத்தில் படித்தோம் என்று எழுதாத ஃப்ராப் எண்ணை நான் நம்பமாட்டேன். டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: போர் தண்ணீரில் டிகாஷன் போட்டு, அதில் ஃபெர்ரஸ் இரும்பு கரைந்திருந்தால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். காபியோடு அதே தண்ணீரைத் தனியாகவும் அளந்து கழித்துவிட வேண்டும்.

ஃபோலின்–சியோகால்ட்டு என்ற அடுத்த முறை மொத்த ஃபீனாலைச் சொல்வதாகப் பெயர். இன்று எல்லோரும் பின்பற்றும் வடிவம் சிங்கிள்டனும் ரோசியும் 1965-இல் எழுதியது. 765-இல் படித்து, காலிக் அமிலம் என்ற ஃபீனாலுக்குச் சமமாகச் சொல்வார்கள். பாட்டிலில் தயாராகக் கிடைக்கும் மஞ்சள் கரைசல். பச்சை படிந்திருந்தால் தூக்கிப்போட்டுவிட வேண்டும். ஆனால் ஒடுக்கும் சர்க்கரையோடும் இது வினைபுரியும். இங்கேதான் சிக்கரி பிரச்சினை வருகிறது. சிக்கரி வேரில் இனுலின் என்ற ஃப்ரக்டோஸ் சங்கிலி நிறைய. வறுக்கும்போது அதில் ஒரு பகுதி உடைந்து ஃப்ரக்டோஸ் முதலான ஒடுக்கும் சர்க்கரைகள் வருகின்றன. ஆகவே சிக்கரி கூடுதலான தூளில் ஃபோலின் எண், உண்மையான ஃபீனாலைவிட மேலே நிற்க வாய்ப்புண்டு. காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் உணவுச் சட்டம். அந்த எல்லைவரை கலந்த தூள்களும் கடையில் கிடைப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. மொத்த ஃபீனால் என்று தலைப்பு போட்டு இந்த எண்ணை மட்டும் தருவது எனக்கு உடன்பாடில்லை. ஏபிடிஎஸ்ஸுக்குத் துணையாக வைத்தால் சரி.

ஓராக் (ORAC) என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட் முறைக்கு ஒளிர்வு அளக்கும் பிளேட் ரீடர் வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் அது கிடையாது. உணவுகளின் ஓராக் எண்களைப் பட்டியலிட்ட அமெரிக்க வேளாண் துறையே, சோதனைக் குழாயில் வந்த எண் உடம்பில் நடப்பதைச் சொல்லாது, வியாபாரத்துக்குத் தவறாகப் பயன்படுகிறது என்று 2012-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. டிகாஷன் எண்ணை வைத்து "இதயத்துக்கு நல்லது" என்று முடிவுரை எழுத நினைக்கும் மாணவரிடம் இதைத்தான் சொல்வேன்.

கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி (HPLC) கருவி வசதி இருந்தால் விட வேண்டாம். குளோரோஜெனிக் அமிலத்தை 325 நானோமீட்டரில் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டும். மெலனாய்டினின் வேலை மட்டும் அதில் தெரியாது. அதனால்தான் கருக வறுத்த தூளில் ஹெச்பிஎல்சி எண் சரிந்து விழும்போதும் ஏபிடிஎஸ் எண் அந்த அளவுக்கு விழுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வறுவலின் கதை புரியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் அது.

பால் விட்ட காபியை அளக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பாலின் கேசின் புரதம் ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ராப்பின் அமிலத்தில் பால் திரியும், மெத்தனாலிலும் திரியும். முதலில் டிகாஷனைத் தனியாக அளந்து பழகிவிட்டு அப்புறம் பாலுக்கு வரலாம்.

ஆகவே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்று மட்டுமே உள்ள ஆய்வகத்துக்கு என் தேர்வு ஏபிடிஎஸ், துணைக்கு ஃபோலின். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் ஃப்ராப். டிபிபிஹெச் கடைசி. அக்னி நட்சத்திர நாட்களில் அளந்தால் அறையின் வெப்பநிலையையும் நோட்டில் குறிக்க வேண்டும். கட்டுரைகளில் வரும் அறை வெப்பநிலை பெரும்பாலும் 25 டிகிரி, நம்முடையது 38-ஐத் தொடும். எத்தனை கிராம் தூள், எத்தனை மில்லி தண்ணீர், முதல் டிகாஷனா இரண்டாவதா, இறங்கி எவ்வளவு நேரம் ஆனது, இவையும் அதே பக்கத்தில் இருக்கட்டும். விடையை ஒரு கிராம் தூளுக்கு என்று ஒரு முறையும், ஒரு டம்ளருக்கு விடும் டிகாஷனுக்கு என்று ஒரு முறையும் எழுதுங்கள். இரண்டாவது எண்ணைத்தான் வீட்டில் அம்மா கேட்பார்.