ஏ.சி.பி. வாங்குகிறவர்கள் கவனம்: ‘புத்தம் புதுசு’ என்று பழசைத் தலையில் கட்டி இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைக் கறந்துவிட்டார்கள்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை மெயின் பேனலுக்கு ஏ.சி.பி. (ஏர் சர்க்யூட் பிரேக்கர், ஷார்ட் ஆனால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் ‘ரெடி ஸ்டாக், உடனே அனுப்புகிறோம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் தடுமாறி நிற்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை அனுப்புங்கள். எனக்குப் போனது இரண்டு லட்சத்து எண்பதாயிரம். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் மின் பராமரிப்பை ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவன். ஓர் ஆலையில் மின்சாரம் பேனலுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் இன்கமர் பிரேக்கர், 1600 ஆம்பியர், நான்கு போல், வெளியே இழுத்து எடுக்கக்கூடிய டிரா-அவுட் வகை, அதை ஆன் செய்யும் விசையைத் தரும் ஸ்பிரிங் சார்ஜ் ஆகாமல் மக்கர் செய்துகொண்டே இருந்து ஒரு நாள் க்ளோஸ் ஆகவே (அதாவது ஆன் ஆகவே) மறுத்துவிட்டது. டீலர்களைக் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். ஆலை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, டீசல் கணக்கைச் சொல்லிச் சொல்லி மேனேஜர் என் உயிரை எடுக்கிறார். அந்த நேரத்தில்தான் தொழிற்சாலைச் சாமான்களுக்கென்றே இருக்கும் ஓர் இணையச் சந்தையில் இந்த விற்பனையாளர் கிடைத்தார். பெயரைச் சொல்லவில்லை, எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் போதும்: யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம், பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று ஒரு பச்சை முத்திரை இருக்கும்.

நான் எங்கே நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஆள் விவரம் தெரியாதவன் இல்லை. போனில் பேசியதும் முதலில் விலையைச் சொல்லவில்லை. “டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கே.வி.ஏ. சார், இம்பிடன்ஸ் எத்தனை பர்சென்ட்?” என்று கேட்டார். 1000 கே.வி.ஏ., 5 சதவீதம் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் போட்டார்: 415 வோல்ட்டில் ஃபுல் லோடு 1391 ஆம்பியர், செகண்டரி பக்கம் நேராக ஷார்ட் ஆனால், இம்பிடன்ஸ் 5 சதவீதம் என்பதால் அதைப்போல் இருபது மடங்கு, அதாவது 28 கே.ஏ.வுக்கு (கிலோ ஆம்பியர்) கொஞ்சம் குறைவு. “50 கே.ஏ. பிரேக்கர் உங்களுக்குத் தாராளம் சார், 65 வாங்கி ஏன் காசைக் கரைக்கிறீங்க?” என்றார். நான் கேட்ட விலை கூடிய சரக்கை வேண்டாம் என்று அவரே தடுத்தார். பிரேக்கர்களுக்கான சர்வதேசத் தரவிதி ஐ.ஈ.சி. 60947-2 பற்றிப் பேசினார், அல்டிமேட் பிரேக்கிங் கெபாசிட்டியை (அதிகபட்சமாகத் துண்டிக்கக்கூடிய ஷார்ட் கரன்ட்) மட்டும் பார்க்காதீங்க, சர்வீஸ் பிரேக்கிங் கெபாசிட்டி (துண்டித்த பிறகும் தொடர்ந்து வேலை செய்யக்கூடிய அளவு) அதில் எத்தனை சதவீதம் என்று பாருங்க, நான் தருவது நூறு சதவீதம் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு கிடையாது. பொருள் மட்டும்தான் பொய்.

வீடியோவும் வந்தது. ஸ்பிரிங் மோட்டார் கிர்ரென்று ஓடி, மஞ்சள் இண்டிகேட்டர் திரும்பி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் ‘டப்’ என்று க்ளோஸ், சிவப்பை அழுத்தினால் ஓபன். கூடவே சீல் வைத்த டெஸ்ட் ரிப்போர்ட். பொருத்தி, சோதித்து இயக்கிக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு, எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பதாயிரம், பணம் முழுவதும் முன்கூட்டியே. அனுப்பினேன்.

பெட்டி வந்தது. புது அட்டை, புது ஃபோம், சிலிக்கா ஜெல் பொட்டலம்கூட இருந்தது. ஆனால் ஸ்பிரிங் சார்ஜ் ஆன நிலையிலேயே பிரேக்கர் உள்ளே இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், பிரேக்கரை அனுப்பும்போது கான்டாக்ட் திறந்து, ஸ்பிரிங் டிஸ்சார்ஜ் ஆகித்தான் இருக்க வேண்டும். வழியில் ஏதாவது தட்டி அது ரிலீஸ் ஆனால் உள்ளே கை வைத்தவனுக்கு விரல் மிஞ்சாது. கேட்டதற்கு, டெஸ்ட் பண்ணின சூட்டோட அனுப்பினோம் சார் என்றார்கள். முகப்பில் எத்தனை முறை இயங்கியது என்று காட்டும் ஆபரேஷன் கவுண்டர் வர வேண்டிய ஜன்னலில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதைக் கேட்டால், கவுண்டர் இந்த மாடலில் ஆப்ஷன்தான் சார் என்று பதில். எதைக் கேட்டாலும் பதில் தயார்.

பொருத்த வந்த பையனைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. தூக்குவதற்கென்றே பக்கவாட்டில் கொக்கிக்கு இடம் இருக்க, முன் கவரைப் பிடித்து இழுக்கப் போனான். நான் கத்திய பிறகுதான் செயின் பிளாக்கைத் தேடினான். அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு வரவில்லை, மின்சாரம் பாயும் கனத்த பட்டையான பஸ்பாரின் போல்ட்டையெல்லாம் சாதா ஸ்பேனரில் ‘இறுக்கமா இருக்கு சார்’ என்று முடித்தான். போல்ட்டின் சைஸுக்கு ஏற்ப இத்தனை நியூட்டன் மீட்டர் என்று மேனுவலில் அட்டவணையே இருக்கிறது, பிரித்தே பார்க்கவில்லை. அவன் போன பிறகு என் ஆட்களை வைத்து ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் வைத்து இறுக்கி, மார்க்கர் கோடு போட்டேன். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கேட்டால் வண்டியில் இருக்கிறது என்றான், அது வண்டியிலேயே இருந்தது. எவ்வளவு கரன்ட்டில், எத்தனை நேரத்தில் பிரேக்கர் துண்டிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டிரிப் யூனிட்டில் லாங் டைம், ஷார்ட் டைம், இன்ஸ்டன்டேனியஸ் செட்டிங் எல்லாவற்றையும் வந்த நிலையிலேயே விட்டான். கீழே இருக்கும் பிரேக்கர்களோடு ஒத்துப்போகும்படி அதை வைத்ததும் நான்தான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, பேனலில் வார்னிஷ் கருகும் வாடை. தெர்மல் கேமராவில் பார்த்தால் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஆர் ஃபேஸ் மட்டும் தனியாகத் தகிக்கிறது, லோடு மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஷட்டவுன் வாங்கி, சப்ளையை நிறுத்தி, பிரேக்கரை வெளியே இழுத்து, ஸ்பிரிங்கைக் கையால் சார்ஜ் செய்து க்ளோஸ் செய்து, 100 ஆம்பியர் டி.சி. செலுத்தும் மைக்ரோ ஓம் மீட்டரில் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் எடுத்தேன். ஒய், பி இரண்டும் 30 மைக்ரோ ஓமுக்குள், ஆர் 110. போல்களுக்கு இடையே பாதிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே நோண்டிப் பார்க்க வேண்டும், இங்கே மூன்று மடங்குக்கு மேல்.

ஆர்க் சூட்டை (கான்டாக்ட் பிரியும்போது எழும் தீப்பொறியை அணைக்கும் தகடுகள் அடங்கிய அறை) கழற்றியதும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. உள்ளே தகடுகளின் விளிம்பெல்லாம் உருகி மணி மணியாக நிற்கிறது, சுவரில் கரி. கான்டாக்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள், வெள்ளி முனை பாதிக்கு மேல் போய்விட்டது. அப்புறம் பக்கவாட்டு நேம்பிளேட்டின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததை நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு தகடு. அதில் 1250. 1600 என்று ஒட்டிக் கொடுத்திருப்பது 1250 ஆம்பியர் பிரேக்கர், எங்கள் ஃபுல் லோடே 1391! சீரியல் எண்ணை உற்பத்தியாளருக்கு அனுப்பினேன், அந்த எண் தங்கள் பதிவில் வேறொரு மாடலுக்கு உரியது என்று எழுத்தில் பதில் வந்தது.

விற்பனையாளரிடம் சொன்னேன். முதலில், புது கான்டாக்ட் சார், நாலு தடவை ஓடி செட் ஆகட்டும் என்றார். பிறகு உங்கள் லோடில் ஹார்மோனிக்ஸ் அதிகம் என்றார். பிறகு டெர்மினேஷன் (பஸ்பார் இணைப்பு) சரியில்லை, அதான் சூடு என்றார். டெர்மினேஷன் செய்தது உங்கள் ஆள்தானே என்றால், அவர் எங்க ஸ்டாஃப் இல்ல சார், சப்-கான்ட்ராக்ட். இரண்டு தகடுகளின் படத்தையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை.

சரி, சந்தைக்காரர்களிடம் போகலாம் என்று போனால் அது தனிக் கூத்து. நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே என்றார்கள். பெட்டி பிரிக்கும் வீடியோ கேட்டார்கள், கொடுத்தேன். பொருத்தப்பட்ட பொருளுக்குத் திரும்பப் பெறும் வசதி இல்லை என்றார்கள். பொருத்தாமல் ஒரு பிரேக்கர் சூடாகிறதா என்று எப்படிப் பார்ப்பது, அதைச் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் சாட்டில் வந்த ஒருவர் கேட்ட கேள்வி: “பிரேக்கர் ஆன், ஆஃப் ஆகிறதா சார்?” ஆகிறது என்றேன். “அப்படியென்றால் பொருள் இயங்கும் நிலையில் இருக்கிறது” என்று புகாரை மூடிவிட்டார்கள். இரண்டு லட்சத்து எண்பதாயிரம், ஒரே வரியில் முடிந்தது.

ஆன், ஆஃப் ஆவதற்கு ஏ.சி.பி. எதற்கு, கதவுத் தாழ்ப்பாள்கூடத் திறந்து மூடும். பிரேக்கருக்குக் கொடுக்கும் காசு அந்த ஒரு கணத்துக்காக. ஷார்ட் ஆகி 28 கே.ஏ. பாயும்போது கான்டாக்ட் பிரிகிறது, நடுவே ஆர்க் எழுகிறது, அதை ஆர்க் சூட்டுக்குள் தள்ளித் தகடு தகடாக வெட்டிக் குளிரவைத்து அணைக்க வேண்டும். தகடு உருகிப்போன ஆர்க் சூட்டுக்குள் அது அணையாது, பேனல் கதவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், எதிரே நிற்பவன் மேல். எங்கள் ஆபரேட்டர் ஒரு நாளில் எத்தனை முறை அந்தக் கதவுக்கு முன்னால் நின்று மீட்டர் ரீடிங் எடுக்கிறார் என்று நினைத்தால் பணம் போனதைவிட இதுதான் ஆத்திரமாக வருகிறது. கிளையன்ட் ஒரு பைசா தர மாட்டார், அவர் பக்கம் நியாயம். இரண்டு லட்சத்து எண்பதாயிரமும் என் கையிலிருந்து. நுகர்வோர் வழக்கா, போலீஸா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆலையில் இருந்து இதற்குள் இரண்டு போன், ஆகவே சுருக்கமாக. பணம் அனுப்பும் முன் நேம்பிளேட் படம் வாங்கி, சீரியல் எண்ணை உற்பத்தியாளரிடமே கேளுங்கள், விற்பவர் தரும் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். வீடியோ கேட்டால் ஆன் ஆஃப் வீடியோ வேண்டாம், ஆர்க் சூட்டைக் கழற்றிக் கான்டாக்டைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். சப்ளை கொடுக்கும் முன் மைக்ரோ ஓமும் மெக்கரும் உங்கள் கருவியிலேயே எடுங்கள். முழுப் பணம் முன்கூட்டி வேண்டவே வேண்டாம். இன்னொன்று: உங்கள் பழைய பிரேக்கரைப் பழைய இரும்புக்குப் போடும்போது அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். நேம்பிளேட்டைப் பிய்த்து, ஆர்க் சூட்டையும் போலையும் சுத்தியலால் உடைத்துவிட்டுப் போடுங்கள். எனக்கு வந்தது யாரோ ஒருவர் முழுசாகப் போட்டதுதான்.