கிராம அஞ்சல் பணியா, அஞ்சல் உதவியாளர் பணியா?

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே, தேர்வின்றிக் கிடைக்கும் கிராம அஞ்சல் பணியில் சேர்வதா, பட்டப்படிப்பு முடித்து எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் தேர்வெழுதி அஞ்சல் உதவியாளராவதா என்று இளைஞர்கள் பலர் தயங்குகிறார்கள்.

ஊதியம்: 2018 திருத்தத்தின்படி, கிராம அஞ்சல் பணிகளில் ஒன்றான உதவிக் கிளை அஞ்சல் அலுவலருக்கு நான்கு மணி நேரப் பணிக்குத் தொடக்கத்தில் 10,000 ரூபாயும் அகவிலைப்படியும் உண்டு. அஞ்சல் உதவியாளருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படை ஊதியமே 25,500 ரூபாய்.

நேரம்: முன்னதில் ஏட்டளவில் நான்கைந்து மணி நேரமே என்றாலும், தபால் பட்டுவாடாவோடு சேமிப்புக் கணக்கு, காப்பீட்டு இலக்குகளும் சேரும்போது வேலை நீண்டுகொண்டே போவதையும், அந்நேரம் கணக்கில் வராததையும் அநீதி என்றே கருதுகிறேன். பின்னது முழுநேர வேலை.

சொந்த ஊரில் நிலமோ கடையோ உள்ளவருக்கு முன்னது பொருந்தும். ஊதியத்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்த வேண்டியவர் பின்னதற்கே முயல வேண்டும்.