காரில் யூஎஸ்பி போர்ட் வைக்கிறோம் என்று 6,500 பிடுங்கிவிட்டார்கள், நீங்களாவது ஏமாறாதீர்கள்

வயிறு எரிகிறது மக்களே. கார் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பொருளை அங்கே வாங்கினால், அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் கடையிலேயே பொருத்தியும் தருவார்கள். பின் சீட்டுக்கு டைப்-சி ஒன்று, பழைய யூஎஸ்பி ஒன்று, நடுவில் வோல்ட் காட்டும் சின்னத் திரை. 45 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒயர், ஃபியூஸ் டேப் (ஒயரை வெட்டாமல் காரின் ஃபியூஸ் குழியிலிருந்தே தனி ஃபியூஸோடு புது லைன் எடுக்க உதவும் சொருகி), கூலி எல்லாம் சேர்த்து 6,500. முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். இப்போது அந்த போர்ட்டில் ஒரு போனுக்குக்கூட ஒழுங்காகச் சார்ஜ் ஏறவில்லை, 6,500-ம் திரும்பி வரவில்லை. பெயரைப் போட்டால் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள், அதனால் போடவில்லை.

நம்ப வைத்த விதம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது. கடை மேசையில் ஒரு பேட்டரி, அதில் அதே மாடல் போர்ட், அதில் ஒரு யூஎஸ்பி டெஸ்டர் (ஓடும் வோல்ட், ஆம்பியரைக் காட்டும் சின்னக் கருவி), அந்தப் பக்கம் லேப்டாப். டெஸ்டரில் 20 வோல்ட், 2 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது 40 வாட்டுக்குக் குறையாமல். "சார், ஒரு ஒயரைக்கூட வெட்ட மாட்டோம். ஃபியூஸ் டேப்தான். சாவி போட்டாத்தான் கரண்ட் வரும்" என்றார் கடைக்காரர். உறையைப் பிரித்து டேப்பை வெளியே எடுத்து, காரின் பழைய ஃபியூஸ் எந்தக் குழியில் உட்காரும், போர்ட்டுக்கான புது ஃபியூஸ் எதில் உட்காரும் என்று விரலை வைத்துக் காட்டினார். எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, எங்கே எடுப்பீர்கள்? "பெயின்ட்டைச் சுரண்டிட்டு பாடி போல்ட்ல சார்." ஒயர்? "ஒரு எம்எம், சுத்தச் செம்பு." ஒரு பதிலிலும் குறை சொல்ல முடியாது. சரியான முறை அவர்களுக்கு அத்துபடி. தெரிந்துகொண்டே செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

போன் ஏறுவதும் நிற்பதுமாக இருந்ததால் ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்தால், டேப்பே இல்லை. பில்லில் தனி வரியாகப் பணம் போட்ட டேப்! ஒயரின் நுனியை உரித்து, காரின் ஃபியூஸ் காலில் சுற்றி, அப்படியே குழிக்குள் அழுத்திச் சொருகியிருக்கிறார்கள். இதில் கேடு இரண்டு. ஒயர் சுற்றிய கால் உள்ளே போகும்போது குழியின் பித்தளைத் தகடு விரிந்துவிடும். பிறகு ஒயரை எடுத்தாலும் ஃபியூஸ் அதில் இறுக்கமாக உட்காராது. பிடி தளர்ந்த இடத்தில் சூடு ஏறும், பிளாஸ்டிக் உருகும். அடுத்தது, அந்த லைனில் ஏற்கெனவே ஓடும் சுமையும் போர்ட்டின் சுமையும் ஒரே ஃபியூஸ் வழியாகப் போகின்றன. தாங்காது என்று தெரிந்துதான் சிவப்பு 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் 20 ஆம்பியரை வைத்திருக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான், சாதனத்தை அல்ல. 10 ஆம்பியருக்கு என்று கம்பெனி போட்ட ஒயரில் 20-ஐ வைத்தால், கோளாறு வரும்போது ஃபியூஸ் போவதற்கு முன் ஒயர் எரியும். 45 வாட் போர்ட்டுக்கு, நடுவில் விரயமாவதையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேல் வேண்டும். பழுப்பு 7.5 ஆம்பியர் தனி ஃபியூஸ் தாராளம். ஒரு சின்ன டேப்பில் முடிகிற வேலை இது.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் என்றார்களே, அதுவும் பொய். எந்நேரமும் மின்சாரம் இருக்கும் குழியில் சொருகியிருக்கிறார்கள். காரைப் பூட்டிய பிறகும் அந்த நீலத் திரை எரிகிறது. மல்டிமீட்டரில் அது மட்டும் 40 மில்லி ஆம்பியர், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. காரைச் சில வாரம் எடுக்காமல் நிறுத்தினால் நல்ல பேட்டரியே படுத்துவிடும்.

ஒயரை வெட்டிப் பார்த்தால் கோபம் இரண்டு மடங்கு. மேலே செம்பு நிறம், கத்தி முனையால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். தகரம் பூசிய நல்ல செம்பு இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அலுமினிய இழை அதே கனத்தில் கரண்ட்டைக் குறைவாகத்தான் கடத்தும், திரும்பத் திரும்ப வளைத்தால் சீக்கிரம் முறியும். அதை முன் சீட்டின் தண்டவாளத்தை ஒட்டி, சீட் நகர்ந்தால் நசுங்குகிற மாதிரி இழுத்திருக்கிறார்கள். அங்கே மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர் கட்டு போகிறது. அதோடு சேர்த்து பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள்! மஞ்சள் கனெக்டர் பக்கமே கை போகக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

எர்த் எடுத்திருப்பது பெயின்ட் மேல் திருகிய ஸ்க்ரூவில். போனைச் சொருகிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை போர்ட்டின் எர்த் ஒயரிலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். இங்கே 1 வோல்ட்டைத் தாண்டியது. போன் விட்டு விட்டு ஏறியது இதனால்தான்.

கடைசியில் போர்ட். மேசையில் காட்டியது வேறு, காரில் வைத்தது வேறு. அதே டெஸ்டர் வகையைச் சொருகினால் 9 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 18 வாட், அதற்கு மேல் ஏறவே இல்லை. இரண்டாவது போனைச் சொருகியதும் இரண்டுமே 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகின்றன. மூடியில் அச்சடித்திருப்பது மட்டும் 45 வாட்.

தளத்தில் புகார் போட்டால் முதலில் "உங்கள் கேபிளை மாற்றிப் பாருங்கள்". மாற்றியாயிற்று. அப்புறம் "போனில் ஃபாஸ்ட் சார்ஜிங் ஆன் செய்யுங்கள்". பழைய ஃபியூஸ், ஒயர், மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினால், "பொருத்தியது கடை, நாங்கள் பொருளுக்கு மட்டுமே பொறுப்பு". கடைக்குப் போன் அடித்தால் "பொருள் தளத்தோடது சார், நாங்க வெறும் ஃபிட்டிங்". இருவருமாகப் பந்தாடிவிட்டுக் கடைசியில் சொன்ன பதில்தான் உச்சம்: "பேனலைத் திறந்துவிட்டீர்கள், வாரண்டி செல்லாது." திறக்காமல் ஃபியூஸ் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று அவர்களே மூடியும்விட்டார்கள். 6,500 வாங்கியவனுக்கு ஒரு வரி மன்னிப்புக்கூட வாயில் வரவில்லை.

சரியாகப் பொருத்துவது எப்படி என்று முழுசாக எழுதத்தான் நினைத்தேன், இந்தக் கொதிப்பில் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

வேலை தொடங்கும் முன் ஃபியூஸ் பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் ஃபியூஸின் நிறத்தை அதோடு ஒப்பிடுங்கள். டேப் சொருகியதைக் கண்ணால் பாருங்கள், கையில் காட்டியதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

டேப்பையும் தலைகீழாகச் சொருகினால் புதுச் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகத்தான் போகும். பழைய ஃபியூஸைக் கழற்றி, குழியின் இரண்டு பக்கத்தில் மின்சாரம் வரும் பக்கம் எது என்று சோதித்துவிட்டு, டேப்பின் ஒயர் இல்லாத கால் அந்தப் பக்கம் வரும்படி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் டெஸ்டர், உங்கள் கேபிள், உங்கள் லேப்டாப். காரில் பொருத்திய போர்ட்டிலேயே சோதியுங்கள், இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் சொருகியும் பாருங்கள்.

சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திரை அணைகிறதா பாருங்கள்.

கூலியை இதெல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள். முழுப் பணமும் முன்னாலேயே கேட்கும் தளமாக இருந்தால் ஆர்டரே போடாதீர்கள்.