ஊருக்கு வந்து வாடகைக்கு ஸ்கூட்டி எடுக்கிறவர்கள் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு, பாசிக்குடா, அறுகம்பே பக்கம் வாடகைக்கு மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டியோ எடுக்க நினைக்கிறவர்களுக்கு, முக்கியமாக வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கட ஆக்களுக்கு, நான் வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டி களவு போய்ப் பட்ட பாட்டை வைத்து இதை எழுதுகிறேன். காப்புறுதிப் பத்திரத்தைக் கையில் வாங்கி வாசிக்காமல் வாகனத்தை எடுக்காதீர்கள். பாஸ்போட்டை, "கொப்பி எடுக்க" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக லண்டனிலிருந்து வந்து, ஆரையம்பதியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். போக வர வசதியாக இருக்கும் என்று அத்தானும் நானும் டவுனில் ஒரு கடையில் ஸ்கூட்டி பார்க்கப் போனோம். விஷயம் இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. என்னிடம் மோட்டார் சைக்கிள் ஓடுவதற்கான பிரித்தானிய லைசன்ஸ் இருக்கிறது. சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்து, கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் அங்கீகாரமும் வாங்கியிருந்தேன். களவு போனால் யார் பொறுப்பு என்று நேராகவே கேட்டேன்.

"ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அண்ணன், ஃபுல் இன்சூரன்ஸ் இரிக்கு" என்றார் கடையில் நின்ற தம்பி. பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். வாகனம் லீசிங்கில் (தவணைக் கடனில்) இருக்கிறது, ஒரிஜினல் கம்பனியில் கிடக்கிறது என்றார். பிறகு ஸ்கூட்டியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப்பத்திரத்தை, அதாவது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வாகன வரித் துண்டை, தொட்டுக் காட்டி, "இன்சூரன்ஸ் இல்லாம இதத் தருவாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் ஏமாற்று இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்குத் தேர்ட் பார்ட்டி காப்புறுதியே போதும். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதும் அதைத்தான். நீங்கள் ஓடும்போது இன்னொருவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் அது கைகொடுக்கும். வாகனமே களவு போனால் ஒரு சதமும் வராது. களவுக்குப் பணம் தருவது முழுக் காப்புறுதிதான். வண்டியில் ஒட்டியிருக்கும் அந்தத் துண்டைப் பார்த்து இரண்டில் எது இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பாஸ்போட்டைப் பக்கத்துக் கடையில் கொப்பி எடுத்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டு போனவர், திரும்பி வந்து அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "வாகனத்தக் கொண்டந்து தாங்க, தாறன்" என்றார். அத்தான் சத்தம் போட்டும் அசையவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம், பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகும் பாதையோரம், மற்ற வாகனங்களோடு ஸ்கூட்டியை நிறுத்தி, ஹேண்டிலைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு கடலுக்குப் போனேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டி இல்லை. இரண்டு பக்கமும் நின்ற வாகனங்கள் அப்படியே நிற்கின்றன. நடுவில் மணலில் டயர் போன தடம் மட்டும் தெரிகிறது. உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றுகூடக் கீழே கிடக்கவில்லை. பொக்கெட்டிலிருந்த திறப்பை அப்போதுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பனிப் பெயர் எதுவும் இல்லை. கடையில் வெட்டிய திறப்பு, வெட்டிய இடத்துக் கூர் இன்னும் விரலில் படுகிறது. அசல் திறப்பு எங்கே இருக்கிறது, இப்படி எத்தனை வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் எடுத்தார்கள் என்று நான் யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் வாடகை வாகனத்தின் திறப்பு பல கை மாறுகிற ஒன்று. அதனால் சக்கரத்தில் போடுகிற பூட்டு ஒன்றை நீங்களே கடையில் வாங்கிப் போடுங்கள்.

அந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்கு உடனே போனோம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி வாசித்துக் காட்டினார்கள், இலக்கமும் தந்தார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. காப்புறுதி விபரத்தைக் கேட்டுக் கடைக்குப் ஃபோன் எடுத்த பிறகுதான் முதலாளி வந்தார். அவர் மேசையில் வைத்த அட்டை தேர்ட் பார்ட்டி அட்டை. பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர் வேறு ஒருவருடையது, அதற்கு மேலே லீசிங் கம்பனியின் உரித்து.

அடுத்த நாள் கடையில் எட்டு லட்சம் ரூபா கேட்டார்கள். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகும், ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு ஓடித் தேய்ந்த ஒரு ஸ்கூட்டிக்குப் புதிய வாகனத்தின் விலையைக் கேட்பது அநியாயம். காசு தந்தால்தான் பாஸ்போட் என்றார்கள். பிரித்தானியப் பாஸ்போட் அரசாங்கத்தின் சொத்து, அடகுப் பொருள் இல்லை என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். பொலிஸிலிருந்து ஓர் அதிகாரி பேசிய பிறகுதான் லாச்சி திறந்தது. அதற்குள் இரண்டரை லட்சம் கொடுத்திருந்தோம். மிச்சத்தைக் கேட்டு இப்போதும் அக்கா வீட்டுக்கு ஆள் வருகிறது. நான் விமானம் ஏறி வந்துவிட்டேன், அக்கா அங்கேதான் இருக்கிறார். எனக்கு மனம் ஆறாதது இதில்தான்.

சரி, லண்டனில் எடுத்த பயணக் காப்புறுதி? மறுத்துவிட்டார்கள். எனது பத்திரத்தில் வாடகைக்கு எடுத்த மோட்டார் வாகனத்தின் களவும் சேதமும் விலக்கப்பட்டவை. பெரும்பாலான பயணக் காப்புறுதிகளில் இப்படித்தான். ஸ்கூட்டியில் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பார்கள், அதுவும் சரியான லைசன்ஸும் தலைக்கவசமும் இருந்தால். வாடகைக் கார் எடுப்பவர்கள் தனியாக வாங்கும் காப்புறுதி ஒன்று இருக்கிறது. அதுவும் பிரதான காப்புறுதி உங்கள் தலையில் விடும் முதல் தொகையைத்தான் திருப்பித் தரும். பிரதான காப்புறுதியே இல்லாத வாகனத்துக்கு அதனால் பிரயோசனம் இல்லை, இரண்டு சக்கர வாகனத்தைப் பலர் சேர்ப்பதும் இல்லை. வெளிக்கிட முன்னர் உங்கள் பத்திரத்தில் விலக்குகள் எழுதியிருக்கும் பக்கத்தை எடுத்து வாசியுங்கள். எது எப்படி இருந்தாலும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி இல்லாமல் எந்தக் கம்பனியும் பேசாது. 24 மணித்தியாலத்துக்குள் முறையிட வேண்டும் என்று பல பத்திரங்கள் நிபந்தனை வைக்கின்றன. கடைக்காரர் "நாங்க பாத்துக்கிறம், பொலிஸுக்குப் போகாதீங்க" என்று சொன்னாலும் நீங்களே போங்கள்.

முழுக் காப்புறுதி இருந்தாலும் இன்னொரு விஷயம் பார்க்க வேண்டும். பத்திரத்தில் வாகனம் எந்தப் பாவனைக்கு என்று எழுதியிருக்கும். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியை வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால், களவு போனதும் கம்பனி கையை விரித்துவிடும். வாடகைக்கு விடுவதாகச் சொல்லிக் கட்டினால் கட்டணம் கூட, அதனால் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கம்பனிக்கு உடனே அறிவித்து, முறைப்பாட்டுப் பிரதி, பதிவுப் புத்தகம், இருக்கிற திறப்பு எல்லாம், ஓடியவரின் வாக்குமூலம் என்று கொடுக்க வேண்டும். கிடைப்பது சந்தைப் பெறுமதி, புது விலை இல்லை. லீசிங் பாக்கி இருந்தால் முதலில் அது கழியும். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், கடைக்காரர் உங்களிடம் புது விலை கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியும்.

காப்புறுதிக்கு ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். ஆனால் அவர் பார்ப்பது காப்புறுதி எடுத்தவருக்கும் கம்பனிக்கும் இடையிலான பிணக்கை. வாடகைக்கு எடுத்த எங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அத்தான் முறையிட்டிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறோம். உல்லாசப் பயணிகளுக்கான உதவி இலக்கம் 1912, பொலிஸ் அவசரத்துக்கு 119.

இனி எடுக்கப் போகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைக் கையால் எழுதுவித்து, முதலாளியிடம் கையொப்பம் வாங்குங்கள். ஒன்று, வாகனத்துக்கு வாடகைப் பாவனைக்கான முழுக் காப்புறுதி உண்டு என்பதும் அதன் பத்திர இலக்கமும். மற்றது, களவு போனால் வாடகைக்கு எடுத்தவர் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது, ரூபாயில். பாஸ்போட்டுக்குப் பதிலாகப் பிரதி ஒன்றை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள், மேலதிகமாக ஒரு தொகையைப் பிணையாகக் கேட்டால் அதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எழுத மாட்டோம் என்கிற கடையில் ஸ்கூட்டி எடுக்க வேண்டாம்.