"340 யாரு?": பொடி வியாபாரத்தில் பணம் வாங்கிய ஏழு வருடம்

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் விற்கிறேன். ஆரம்பித்தது 2018இல். தெருவில் வாங்குபவர்கள் பாதி, வாட்ஸப்பில் சொல்லிக் கூரியரில் வாங்குபவர்கள் பாதி. இரண்டு வருடமாகச் சின்னதாக ஒரு இணையதளமும் உண்டு. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் வழிகளைப் பற்றிப் புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் கேட்பது, "அக்கா, எதுல கமிஷன் கம்மி?" என்றுதான். நானும் அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது கேட்டால் கமிஷனைக் கடைசியில் பாருங்கள் என்பேன். எந்தப் பணம் யாருடையது என்று ராத்திரி தெரிய வேண்டும், அது முக்கியம்.

முதல் இரண்டு வருடம் என் சேமிப்புக் கணக்கின் சொந்த யுபிஐயையே எல்லோருக்கும் கொடுத்தேன். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் வீட்டுக்காரர் போடும் மளிகைப் பணம், தம்பி திருப்பித் தந்த கைமாற்று, சீட்டுப் பணம் எல்லாமே அதே கணக்கில்தான். இந்த 480 பொடிக்கு வந்ததா, சீட்டுக்கு வந்ததா என்று பத்து மணிக்கு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆர்டர் சொல்வது மருமகள், பணம் வருவது மாமனார் கணக்கிலிருந்து. பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் 1,240 ரூபாய்க்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. இருந்த வேலையில் சரிபார்க்காமல் பார்சலைக் கட்டி அனுப்பிவிட்டேன். பணம் வரவே இல்லை. போலி ரசீது காட்டுவதற்கென்றே செயலிகள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அதிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டை நான் திறப்பதே இல்லை. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கை அனுப்பச் சொல்வேன். என் வங்கிச் செயலியில் அது இருந்தால்தான் பார்சலில் முகவரி எழுதுவேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிறகு கடை பெயரில் நடப்புக் கணக்கு திறந்து வணிகர் ஸ்கேனர் வாங்கினேன். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ஆக இதிலும் செலவு கிடையாது, நடப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும் என்பதைத் தவிர. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்திருப்பவர்களும் இந்த ஸ்கேனரில் கட்டலாம். தனிநபர் ஸ்கேனரில் அது முடியாது. சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணம் இல்லை. மாதக் கடைசியில் வாங்க வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

கூடவே சவுண்ட் பாக்ஸ். மாத வாடகை 125 ரூபாய் வீண் என்றுதான் முதலில் நினைத்தேன். வறுக்கும்போது கை முழுக்க மிளகாய்த் தூள், போனைத் தொட முடியாது. இப்போது பெட்டி தமிழில் தொகையைச் சொல்லும், உள்ளறையிலிருந்து மாமியார் "340 யாரு?" என்று குரல் கொடுப்பார், நான் பதில் சொல்வேன், அவர் நோட்டில் குறித்துக்கொள்வார். எங்கள் கணக்கெழுத்து இதுதான். ஏழு வருடத்தில் கொடுத்த காசுக்கு முழுதாக உழைத்தது இந்தப் பெட்டிதான்.

இணையதளத்துக்குக் கேட்வே, அதாவது தளத்தில் கட்டும் பணத்தை வாங்கி என் கணக்கில் சேர்க்கும் சேவை, வேண்டியிருந்தது. சேர்த்துக்கொள்ளும் முன்பு தளத்தில் பணம் திருப்பும் விதிமுறைப் பக்கம் கேட்டார்கள். திறந்த ஊறுகாய் பாட்டிலை எப்படித் திரும்ப வாங்குவது என்று இரண்டு நாள் யோசித்து எழுதினேன்! கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நெட் பேங்கிங்கில் கட்டிய 850 ரூபாய் ஆர்டருக்கு 17 ரூபாயும் அதன் மேல் 3 ரூபாய் 6 பைசாவும் போய், 829 ரூபாய் 94 பைசா வரும். அதுவும் இரண்டு வேலை நாள் கழித்து. வெள்ளி மாலை விழுந்த பணம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வரும். கடலைப்பருப்புக்கு ரொக்கம் தேவைப்படும் நாளில் இது உறுத்தும். ஆனால் ஆர்டர் எண்ணும் பணமும் தானாகச் சேர்ந்தே வருவதால் நோட்டு வேலை கிடையாது. வெளிநாட்டிலிருந்து கார்டில் கட்டி இங்கே அம்மாவுக்கு அனுப்பச் சொல்லும் பிள்ளைகளுக்கும் இதுதான் வழி. அந்த வகைக்குக் கட்டணம் இன்னும் கூடுதல்.

பார்சல் வந்ததும் வாங்குபவர் கூரியர்காரரிடம் பணம் கொடுக்கும் முறையை ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டேன். "ஆள் இல்லை" என்று திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு பக்கக் கூலியும் என் தலையில். அந்தக் காலத்தில் தபாலில் இதே முறையான வி.பி.பி.யிலும் இதே தொல்லைதான் என்று மாமியார் சொன்னார்.

பெரிய அடி 2024இல். ஒரு காலையில் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. எனக்கு 620 ரூபாய் அனுப்பிய யாரோ ஒருவரின் கணக்கு, வேறு மாநிலத்து சைபர் மோசடிப் புகாரில் சிக்கியிருக்கிறது. அதனால் என் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். பில், கூரியர் ரசீது, ஊறுகாய் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் வங்கி மூலமும் அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி, விடுபட ஐந்து வாரம் ஆனது. அதுவரை மாமியார் கணக்கின் ஸ்கேனரை மாட்டினேன். "பேர் வேற வருதே" என்று பாதிப் பேர் கட்டாமல் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நான்தானே எல்லோரிடமும் பெயரைப் பார்த்துக் கட்டுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கணக்கு விடுபட்டதும் முதல் வேலையாக, வேறொரு வங்கியில் அதே கடைப் பெயரில் இரண்டாவது நடப்புக் கணக்கு திறந்தேன். அந்த ஸ்கேனர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பில் புத்தகமும் அன்றிலிருந்துதான் ஒழுங்காகப் போடுகிறேன்.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ தடுமாறிய நாளில் இரண்டு ஸ்கேனர் இருந்தும் பயனில்லை. தெருக்காரர்களைப் பொருளை எடுத்துப் போகச் சொன்னேன். ஒருவரைத் தவிர எல்லோரும் மறுநாளே கட்டினார்கள். அந்த ஒருவர் யார் என்று மாமியாரின் நோட்டில் இருக்கிறது.

அதே வருடம் ஜூலையில், யுபிஐ வரவை வைத்துக் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தி வந்ததும், பக்கத்துக் கடைக்காரர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு என்னையும் கிழிக்கச் சொன்னார். நான் ஆடிட்டரிடம் கேட்டேன். பொருள் விற்பவருக்கு இங்கே பதிவு வரம்பு வருடத்துக்கு 40 லட்சம் விற்பனை. ரொக்கமாக வந்தாலும் அதுவும் விற்பனைதான் என்றார். உத்தேச லாப முறையில் வருமான வரி கட்டினால், ரொக்க வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும், வங்கி வழி வரவில் 6 சதவீதம் போதும் என்பதையும் அவர்தான் சொன்னார். என் ஸ்டிக்கர் இன்னும் சுவரில் இருக்கிறது.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: தெருவுக்கும் வாட்ஸப்புக்கும் ஸ்கேனர், இணையதளத்துக்கு மட்டும் கேட்வே. கேட்வே கட்டணத்தைக் கூரியர் கூலியோடு சேர்த்துவிட்டேன். இவ்வளவும் செய்து வைத்திருக்கிறேன், சாத்தூர் வத்தல் வியாபாரியோ இன்னும் என்னிடம் ரொக்கம்தான் கேட்கிறார். மாதம் ஒருமுறை ஏடிஎம் வாசலில் நிற்கிறேன்.