ஐநேச்சுரலிஸ்ட் ஆப்: மழைக்காலத்துல போன்ல இருக்க வேண்டியது

எங்க வீடு பொள்ளாச்சி பக்கம் தோப்புக்குள்ளங்க, மழை ஆரம்பிச்சா போதும் தவளை, தேரை, அரணை, பாம்புன்னு எல்லாம் வாசலுக்கே வந்துரும், எது என்னன்னு பசங்க கேட்டா பாத்து சொல்றதுக்கு இந்த ஆப்தான். ஃப்ரீ, விளம்பரமும் இல்ல. போட்டோ போட்டா அதுவே ஒரு பேரு காட்டும், அப்புறம் விஷயம் தெரிஞ்சவங்க வந்து சரியா தப்பான்னு சொல்லுவாங்க.

சவுண்டும் அப்லோட் பண்ணலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். ராத்திரில தவளை எங்க கண்ணுல படுது, ஆனா ஆண் தவளை ஜோடியக் கூப்பிடற சத்தம் இனத்துக்கு இனம் வேற, ரெக்கார்ட் பண்ணிப் போட்டா கண்டுபிடிச்சுரலாம்.

அடுத்தது சிசிலியன், அதாவது தவளை மாதிரி நீர்நிலவாழ் வகைதான், ஆனா காலே இருக்காது. பூந்தொட்டி மண்ணைக் கிளறுனா வர்ற புழுப்பாம்பையும் வால்பாறை பக்கம் ஈர மண்ணுக்குள்ள இருக்கற சிசிலியனையும் பாத்தா ரெண்டுமே மண்புழுன்னுதான் தோணும். போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க, புழுப்பாம்புக்கு பளபளன்னு பொடிப்பொடி செதில் வரிசையா இருக்கும், உடம்பு காய்ஞ்சிருக்கும். சிசிலியனுக்கு உடம்பச் சுத்தி வளையம் வளையமா மடிப்பு, தோலு ஈரமா வழவழன்னு இருக்கும். முன்னது ஊர்வன, பின்னது தவளைக்குச் சொந்தம். அந்த ஈரத் தோல்லதான் எல்லாமே இருக்கு, தவளை அது வழியாவும் மூச்சு விடுது, அதனால நாம தோப்புல அடிக்கற மருந்து நேரா அது உடம்புக்குள்ள இறங்கிடும், பாவம். முட்டையும் வெறும் ஜெல்லி, குட்டை வத்துனா போச்சு. பாம்பு, பல்லிக்கு செதில் இருக்கறதால உடம்புத் தண்ணி சீக்கிரம் வத்தாது, முட்டைக்கும் ஓடு இருக்கு, கண்ணாடி விரியன் நேரா குட்டியே போடும்.

அரணை கடிச்சா மரணம்னு நம்பி அத அடிக்கறவங்க இன்னும் இருக்காங்க. அதுக்கு விஷமே இல்லைங்க, தயவு செஞ்சு விட்ருங்க.

போட்டோவுக்காக பாம்பு கிட்ட போகவே போகாதீங்க, தூரத்துல நின்னு ஜூம் பண்ணுங்க. யாரையாவது கடிச்சிருந்தா ஆப்பத் தொறந்துட்டு உக்காராம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும் போட்டோல ஒரே மாதிரி தெரியும்.

5க்கு 5 தரலாம். வீட்டு லொகேஷன் வெளிய தெரியக் கூடாதுன்னா அப்லோட் பண்றப்பவே மறைக்கற ஆப்ஷன செலக்ட் பண்ணிக்கங்க.